எத்தனை தலையணை?

"ராத்திரி எத்தனை தலையணை வெச்சுத் தூங்குறீங்க?"

எதிரே இருந்தவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கன்னக் குழியை நிரப்பிக்கொள்ள வந்த இடத்தில் தலையணைக் கணக்கு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. வயது 62. பைபாஸ் முடிந்து 14 மாதம். உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, காலையும் மாலையும் நடந்து, 11 கிலோ இளைத்திருந்தார். இதய டாக்டருக்கு அதில் பரம திருப்தி. ஆனால் உடம்பில் கரைந்த கொழுப்பு கன்னத்திலும் கரைந்து, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து, தாடை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தை மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம்.

"எங்க போனாலும் விசாரிக்கிறாங்க மேடம். காதுகுத்துக்குப் போனா, என்ன சார் உடம்பு சரியில்லையாங்கிறாங்க. துக்கத்துக்குப் போனா, செத்தவரை விட்டுட்டு என்னைப் பாக்குறாங்க."

அழகுக்காக வருகிறவர்கள் எல்லாரும் இளமையைத் தேடித்தான் வருகிறார்கள் என்று படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். திருச்சி தில்லை நகரில் கிளினிக் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வேறொரு கூட்டம் கண்ணில் பட்டது. இவர்களுக்கு வயது குறைய வேண்டாம். நோயாளி மாதிரித் தெரியாமல் இருந்தால் போதும். அதில் பாதிப் பேருக்கு நெஞ்சில் தையல் போட்ட தழும்பு இருக்கும். அல்லது சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டு இருக்கும்.

தலையணைக் கேள்விக்கு மனைவிதான் பதில் சொன்னார். "முன்னாடி ஒண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு. இப்ப ஒரு மாசமா மூணு வேணுங்குறாரு. படுத்தா மூச்சு முட்டுதாம்."

அன்றைக்கு ஊசியை எடுக்கவில்லை. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி நிரம்ப நேரம் எடுத்தது. இதய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, இரண்டு நாளுக்குள் எக்கோ எடுக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம். "முகத்துக்கு வந்தா காலைப் பாக்குறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

கன்னத்தை நிரப்ப ஊசியில் போடும் இந்த ஃபில்லர் ஜெல் இதயத்தை என்ன செய்யும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. நேரடியாக ஒன்றும் செய்யாது. இப்போது பெரும்பாலும் போடுவது ஹயலூரானிக் அமிலம். பெயரில்தான் அமிலம், பார்க்க நுங்கின் உள்சதை மாதிரி வழுவழுப்பாக இருக்கும். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடம்பில் ஏற்கெனவே சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. நாங்கள் போடுவது சீக்கிரம் சிதையாதபடி இழைகளைக் குறுக்கே பின்னிவிட்ட வகை. ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை அதற்கும் இதயத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்த பயம் மரத்துப்போகும் மருந்து. பல ஃபில்லர்களில் லிக்னோகைன் கலந்தே வரும், ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம். இதே லிக்னோகைனைத் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அடக்க ஐ.சி.யு.வில் நேராக நரம்பில் போடுவார்கள், 50, 100 மில்லிகிராம் என்று. அந்தக் கணக்கில் 3 மில்லிகிராம் தூசு. கவனிக்க வேண்டியது அதோடு சேர்த்து வரும் அட்ரினலின். உதட்டுக்குப் போடும்போது வலி தெரியாமல் இருக்க, பல் டாக்டர்கள் போடுவதுபோல ஈறுக்கு மேலே ஒரு ஊசி போடுகிறவர்கள் உண்டு. அந்த மருந்தில் அட்ரினலின் இருக்கும். இதய நோயாளிக்கு 0.04 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பல் மருத்துவத்தில் பழகிய கணக்கு. புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றி, நாடித் துடிப்பை இறக்கிவிடும். நான் அந்த வம்புக்கே போவதில்லை. இதயக்காரர்களுக்கு மரப்புக் களிம்பும் ஐஸ் கட்டியும்தான். கொஞ்சம் வலிக்கும். நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த வலிக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கூட வந்த மருமகப்பிள்ளைகள்தான் வெளியே போய் நின்றுகொள்வார்கள்.

அப்படியென்றால் ஆபத்து எங்கேதான் இருக்கிறது? எனக்கு அது தெரிந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

தொழிலுக்கு வந்த புதிது. பயிற்சி வகுப்பு ஒன்றில் கொடுத்த தாளை அப்படியே தமிழாக்கி அச்சடித்து வைத்திருந்தேன். தலைப்பு, 'சிகிச்சைக்கு முன்'. மூன்றாவது வரி: 'ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகளை 7 நாட்களுக்கு முன்பே நிறுத்தவும்.' ஊசி குத்தும் இடத்தில் ரத்தம் கட்டிக் கன்னிப்போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நேரில் வந்து நாள் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதில் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவோம்.

நாற்பதுகளில் ஒரு பெண். மூக்கோரத்திலிருந்து உதடு வரை இறங்கும் மடிப்புக்காக வந்திருந்தார். படிவத்தில் 'வேறு நோய்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். சாய்வு நாற்காலியில் சாய வைத்து, முகத்தைத் துடைத்து, வெள்ளைப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தேன். அறை அமைதியாக இருந்தது. டிக், டிக், டிக். வேலை நடக்கும்போது கடிகாரச் சத்தம் எனக்குப் பிடிக்காது. அந்த அறையில் கடிகாரமே கிடையாது.

"சிஸ்டர், யாரோட வாட்ச் அது? வெளிய வைங்க."

சிஸ்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "வாட்ச் இல்ல டாக்டர். இவங்கதான்."

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "என் வால்வு டாக்டர். எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டாத்தான் தூங்குவார்."

சின்ன வயதில் தொண்டைவலி, பிறகு மூட்டு வீக்கம், கல்யாணத்துக்குப் பிறகு மூச்சிரைப்பு. ரூமாட்டிக் காய்ச்சல் தின்ற மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். நம் ஊரில் இது அபூர்வமே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் உருவான வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, கையில் பணமில்லாத வீடுகளுக்கும் இதய ஆபரேஷன் எட்டியது. இன்றைக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் நெஞ்சிலும் ஒரு டிக் டிக் இருக்கலாம்.

"படிவத்துல நோய் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

"நோய் எங்க டாக்டர் இருக்கு? அதான் ஆபரேஷன்ல சரியாயிடுச்சே."

"மாத்திரை?"

"அசிட்ரோம் போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க குடுத்த தாளில நிறுத்தச் சொல்லியிருந்துச்சே. அஞ்சு நாளாப் போடல. ரெண்டு நாள் மறந்துட்டேன், அது பரவாயில்லையா?"

7 நாள் நிறுத்தாமல் 5 நாள்தான் நிறுத்தியிருக்கிறோமே என்று அவருக்கு வருத்தம்! எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு, ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வின் மேல் ரத்தம் உறையும். உறைந்த கட்டி தட்டை அசையவிடாமல் பிடிக்கலாம், அல்லது பிய்ந்து மூளைக்குப் போகலாம். அன்று மாலை வந்த ரிப்போர்ட்டில் 1.2. இதய மருத்துவர் உடனே ஹெப்பரின் ஊசி ஆரம்பித்து, அசிட்ரோமை மறுபடி ஏற்றி, எண் நிலைக்கு வரும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், உதட்டோரத்து மடிப்புக்காக ஒரு பெண்ணுக்குப் பக்கவாதம். அந்தத் தாளை எழுதியது நான்.

அந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. போனில் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, கன்னிப்போனா கன்னிப்போகட்டும். பத்து நாள்ல மறைஞ்சிடும். என் மாத்திரையில கை வைக்காதீங்க."

தாள்களை அன்றே கிழித்துப் போட்டோம். புதிய படிவத்தில் 'நோய்' என்ற சொல் இல்லை. 'இதுவரை என்னென்ன ஆபரேஷன்?', 'தினமும் என்னென்ன மாத்திரை? உறையோடு கொண்டுவரவும்' என்று இரண்டு வரி. பெயர் தெரியாதவர்கள் மாத்திரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வருவார்கள். சின்ன மஞ்சள் மாத்திரை, பாதி உடைத்த வெள்ளை மாத்திரை என்று மேசையில் கொட்டி எண்ணுவோம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இதே கதைதான். அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரல் மாதிரி இன்னொன்றும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் ஓடும். இடையில் சொந்தமாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். ஃபில்லருக்காக நான் நிறுத்தச் சொல்லும் இதய மாத்திரை என்று ஒன்றுகூட இல்லை. கூர் ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய கேனுலாவை எடுக்கிறேன். மெதுவாகச் செலுத்துகிறேன். குத்திய இடத்தை ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்துகிறேன் (வெளியில் இருக்கிற கடிகாரம்). அப்படியும் கன்னிப்போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வால்வுக்காரர்களிடம் இன்னொன்றும் பார்ப்பேன்: வாயைத் திறக்கச் சொல்லிப் பல். சொத்தையும் சீழும் இருந்தால் முதலில் பல் டாக்டரிடம் போகட்டும். ரத்தத்தில் கலக்கும் கிருமி செயற்கை வால்வில் போய் உட்காருவதைப்போலக் கொடுமை இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் அவர்கள் 2 கிராம் அமாக்சிசிலின் சாப்பிடுவது அதற்காகத்தான். சுத்தமான தோலில் நான் போடும் ஊசிக்கு அது தேவையில்லை. ஆனால் கன்னத்தில் பழுத்த பரு இருந்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது. உதட்டுக்கு வாய்க்குள்ளிருந்து ஊசி நுழைக்கும் முறையும் இவர்களுக்குக் கிடையாது.

"எனக்கு ரத்தம் தண்ணியாத்தான் இருக்கு டாக்டர், அடைப்பெல்லாம் வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது ரொம்பத் தவறான தைரியம். ஃபில்லரால் வரும் அடைப்பு ரத்தக்கட்டி அல்ல. ஜெல்லே ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது. அதைக் கரைக்க ஆஸ்பிரினாலும் முடியாது, அசிட்ரோமாலும் முடியாது. மூக்கு, புருவ நடு, மூக்கோர மடிப்பு ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு உள்ளே கைகோத்திருக்கின்றன. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் எதிர்த்திசையில் ஓடிக் கண்ணுக்குள் போனால் பார்வை போய்விடும். ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரின் விவரங்களைக் கனடாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கேட்டி பெலஸ்னேவும் சகாக்களும் 2015-ல் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் போட்டது சொந்தக் கொழுப்பு. நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஹயலூரானிக் அமிலம். விழித்திரை ரத்தமில்லாமல் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

தோலுக்குப் போகும் குழாய் அடைத்தால் முதலில் வெளுக்கும், பிறகு வலை பின்னினாற்போல ஊதாக் கோடுகள் தெரியும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிக்கலே இங்கேதான். முகம் ஏற்கெனவே கன்னிப்போய் ஊதாவாக இருக்கும். அதற்கடியில் வலைக்கோடு மறைந்துகொள்ளும். வேறோர் இடத்தில் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ஸ்டென்ட் வைத்து இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறவர். "கன்னிப்போயிருக்கு, ஐஸ் வைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் இரண்டு நாள் ஐஸ் வைத்தார். ரத்தம் போகாத தோலுக்கு ஐஸ்! மூக்கு மடல் பக்கம் விரலால் அழுத்தி எடுத்தேன். இன்னொரு பக்கம் உடனே சிவந்தது. இந்தப் பக்கம் நான் நாலு எண்ணும்வரை வெள்ளையாகவே கிடந்தது. ஜெல்லைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் 1500 யூனிட் குப்பி எங்கள் ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கும். கண் ஆபரேஷனுக்கு மரப்பு ஊசியோடு கலப்பார்களே, அதே மருந்து. அதைப் போட்டு, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, ஒரு மணி நேரம் பார்த்து, மறுபடியும் போட்டோம். பெரும்பகுதி தப்பியது. மடலோரத்தில் அரிசி அளவில் ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அந்த மருந்தும் லேசுப்பட்டதல்ல. சிலருக்கு ஒவ்வாமை வரும். கடுமையாக வந்தால் கொடுக்க வேண்டியது அட்ரினலின்; ஆனால் அவர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவராக இருந்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம், அப்போது குளுக்ககான் தேவைப்படும். இதய நோயாளிக்கு ஃபில்லர் போடுகிற இடத்தில் சாய்வு நாற்காலி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். என்னிடமிருந்து ஆறு நிமிடம். சாயங்காலம் என்றால் பத்து.

காது மடலுக்குப் போட்டுக்கொள்ள வருகிறவர்களை எனக்குத் தனியாகப் பிடிக்கும். வைரத்தோடும் ஜிமிக்கியும் வருடக்கணக்கில் இழுத்து மடல் துவண்டிருக்கும். தோடு முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும். கால் மில்லி ஜெல் போட்டால் நிமிர்ந்துவிடும். அந்த மடலில் சிலருக்குக் குறுக்காக ஒரு கோடு ஆழமாக ஓடும். 1973-ல் சாண்டர்ஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க டாக்டர் 20 நோயாளிகளை வைத்து, இந்தக் கோட்டுக்கும் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். அன்றிலிருந்து சண்டைதான். வயதானால் யாருக்கும் வரும் கோடு என்பார்கள் ஒரு பக்கம். நானும் முழுக்க நம்புகிறவள் அல்ல. ஆனாலும் ஜெல்லை ஏற்றி அந்தக் கோட்டை அழிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"வாங்குது. வயசாச்சுல்ல கண்ணு."

"போன வருஷமும் இப்படித்தான் வாங்குச்சா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். அப்படி இ.சி.ஜி.க்கு அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தது, ஆஞ்சியோ வரை போனார். கண் இமை ஓரத்தில் மஞ்சள் திட்டு எடுக்க வருகிறவர்களிடமும் இதே கதை: திட்டை எடுப்பது பத்து நிமிடம், கொலஸ்ட்ரால் பார்த்தீர்களா என்று கேட்டுச் சம்மதிக்க வைப்பது அரை மணி.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 'பிரைடல் பேக்கேஜ்', 'அம்மா பேக்கேஜ்' என்று ஃபில்லரோடு, தோலை இறுக்கும் ரேடியோ ஃப்ரீக்வென்சி மெஷினையும் சேர்த்து விற்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஜெல்லால் பாதகமில்லை. ஆனால் அந்த மெஷினின் மின்னலைகள் பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும். 'ஊசிதானே, டாக்டரே சரின்னு சொல்லிட்டார்' என்று வருகிறவருக்கு, அந்த டாக்டர் சரி சொன்னது ஊசிக்கு மட்டும்தான் என்பது தெரியாது. அட்டாக் வந்து 6 மாதம் ஆகாதவருக்கு நான் போடுவதில்லை. யாரும் எனக்கு விதித்த எண் அல்ல அது. நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே.

தலையணைக்காரர் பத்து வாரம் கழித்து வந்தார். கோபம் தணிந்திருந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்திருந்ததாம். நீர் மாத்திரை சேர்த்து, இன்னொன்றை மாற்றி, நுரையீரலில் தேங்கியதை வடித்திருக்கிறார்கள். நான் கேட்பதற்கு முன்பே மனைவி சொன்னார்: "ஒண்ணுதான் டாக்டர். அதுவும் ராத்திரி கீழ விழுந்திடுது."

பி.பி. பார்த்தேன். நாற்காலியை முழுக்கச் சாய்க்காமல் பாதிச் சாய்வில் வைத்து, கன்னத்துக்கு ஒரு பக்கம் ஒரு மில்லி. ஆஸ்பிரின் காலையில் வழக்கம்போலப் போட்டிருந்தார். ஊசியைப் பார்த்ததும் சிலருக்கு நாடி இறங்கி மயக்கம் வரும். இதய நோயாளிக்கு அது வந்தால் வெறும் மயக்கமா வேறா என்று நம் நாடி ஏறிவிடும். விரலில் மாட்டிய கருவியின் எண்ணை சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். 72, 70, 74. அவரோ தங்க விலை பேசிக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் நன்றாகக் கன்னிப்போனது. பத்திரிகை வைக்கப் போன வாரம் அது ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்ததாம். கல்யாணம் முடிந்து தாம்பூலப் பையோடு வந்தபோது சொன்னார்.

"இளைச்சுட்டீங்களேன்னு ஒருத்தர் கேக்கல மேடம். ஆனா நூத்தம்பது வீட்டுலயும் கன்னத்துல என்ன அடின்னு கேட்டாங்க. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொன்னேன். ஒருத்தர் நம்பல, சம்சாரம் அடிச்சிட்டாங்களான்னுட்டார்."

இது எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார். ஒரு வருடம், ஒன்றரை வருடம், ஆளைப் பொறுத்தது என்றேன். மனைவியைப் பார்த்தார்.

"சின்னவ எப்ப படிப்ப முடிக்கிறா?"